பூனை தானாக வளர்ந்துவிடுமா? முதல் முறை பூனை வளர்ப்பவர்களுக்கு

ஊரில் எங்கள் பாட்டி பூனைக்கென்று தனியாகச் சமைத்ததே இல்லை. மீந்த பால் சோறு, மீன் முள், அவ்வளவுதான். வெளியே திரிந்த அந்தப் பூனை எலியும் ஓணானும் பிடித்துத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டது. கதவைச் சாத்தி ஃபிளாட்டுக்குள் வளர்க்கும் பூனைக்கு அந்த வழி கிடையாது. வேண்டியதெல்லாம் நம் கையால்தான் போக வேண்டும்.

படி 1: பால் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள்

தாய்ப்பால் மறந்த பூனைகள் பலவற்றுக்கு மாட்டுப்பால் செரிக்காது. ஆசையாக நக்கிக் குடிக்கும், அப்புறம் வயிற்றால் போகும். சின்னக் குட்டி என்றால் சீக்கிரமே துவண்டுவிடும். பால் மறக்காத குட்டி தாயில்லாமல் வந்து சேர்ந்தால், பூனைக்குட்டிக்கான பால் பவுடரைக் கேட்டு வாங்குங்கள். மற்ற பூனைகளுக்குத் தண்ணீர் போதும்.

படி 2: தயிர் சாதத்தை நம்பாதீர்கள்

"எங்க வீட்டுப் பூனை சுத்த சைவம்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. பூனையின் உடம்பு அதற்கு ஒத்துக்கொள்ளாது. டாரின் என்ற சத்தைப் பூனையால் போதுமான அளவு தானே உருவாக்கிக்கொள்ள முடியாது, இறைச்சியிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அது குறைந்தால் கண் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் நாமும் நன்றாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்போம்.

புதிதாக வளர்ப்பவர்களுக்கு, பூனைக்கென்றே தயாரித்த முழுச்சத்து உணவுதான் பாதுகாப்பு. நாய் உணவு வேண்டாம். கூடவே கோழி கொடுப்பதானால் உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டுக் கொடுங்கள். கோழி இதயம் கிடைத்தால் விடாதீர்கள், டாரின் அதில் நிறைய. வெந்த தண்ணீரையும் கொட்ட வேண்டாம். டாரின் அதில் இறங்கியிருக்கும், அப்படியே மேலே ஊற்றுங்கள்.

படி 3: மண் தட்டைத் தினமும் பாருங்கள்

பூனை மலமும் சிறுநீரும் கழிக்க மண் நிரப்பி வைக்கும் தட்டு இது. ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, சாப்பாட்டுக்குத் தள்ளி, சந்தடி இல்லாத மூலையில். அள்ளும்போது சிறுநீர் பட்டு மண் திரண்ட கட்டிகளைக் கவனியுங்கள்.

எங்கள் கடுவன் ஒரு நாள் மாலையிலிருந்து திரும்பத் திரும்பத் தட்டுக்குப் போனான். குந்தினான், முதுகை வளைத்து முக்கினான், இறங்கி வந்து அடியில் நக்கினான். மண்ணில் பட்டாணி அளவுகூட ஈரமில்லை. மலச்சிக்கல் என்று நினைத்துப் பூசணியை மசித்துக் கொடுத்துவிட்டுத் தூங்கப்போனேன். காலையில் மருத்துவர் என் கையைப் பிடித்து அவன் அடிவயிற்றில் வைத்தார். உள்ளே பந்து போலக் கெட்டியாக இருந்தது சிறுநீர்ப்பை. அடைப்பு. ஆண் பூனைக்கு இது ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், நடு இரவானாலும் கிளம்பிவிடுங்கள்.

படி 4: வீட்டு மருந்துப் பெட்டியைத் தொடாதீர்கள்

காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரே மாத்திரை கொன்றுவிடலாம். நாய்க்கு உண்ணி போக விடும் சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் அதுவும் அப்படித்தான்.

படி 5: ஊசி, கருத்தடை

வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கும் ரேபிஸ் ஊசி வேண்டும். மூன்று மாதத்தில் ஆரம்பிக்கலாம். "ஒரு தடவை குட்டி போடட்டும்" என்று காத்திருப்பதால் பெண் பூனைக்கு எந்த நன்மையும் இல்லை. நான்கு மாதத்திலேயே சூல் பிடிக்கக்கூடும், அதனால் ஐந்து மாதத்துக்குள் கருத்தடையை முடித்துவிடுங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையைத் துரத்த வேண்டியதில்லை. வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளிவந்த பிறகு, தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் சரி.

படி 6: குர்குர் சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்

சந்தோஷத்தில் மட்டும் அந்தச் சத்தம் வருவதில்லை, வலியிலும் பயத்திலும் வரும். அன்று மருத்துவரின் மேசையில் படுத்திருந்தபோதும் எங்கள் கடுவன் குர்குர் என்றுகொண்டுதான் இருந்தான். சத்தத்தை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கிண்ணத்தைப் பாருங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு அப்படியே இருந்தால், மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.