பீப்பாயில் ஊறும் இளம் பீட் விஸ்கியைச் சுவைத்துப் பார்ப்பது எப்படி?

கடைக்கு வந்துவிட்ட விஸ்கியைச் சுவைப்பது வேறு, இன்னும் பீப்பாயில் ஊறிக்கொண்டிருப்பதைச் சுவைப்பது வேறு. இங்கே "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டுப் பயனில்லை. எது பீட் புகையிலிருந்து வந்தது, எது வடித்தெடுத்த சாராயத்துக்கே உரியது, எது மரம் கொடுத்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பீட் என்பது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கிப் படிந்த தாவரங்கள். அதை வெட்டி உலர்த்தி எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியைக் காயவைப்பார்கள். புகை வாசத்தைத் தரும் ஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் தானியத்தில் ஏறிக்கொள்ளும். ஸ்காட்லாந்தின் ஐலா தீவு இதற்குப் பேர்போனது. அங்கே 2005-இல் தொடங்கிய கில்ஹோமன் வடிசாலை, தன் முதல் சிங்கிள் மால்ட்டை (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த விஸ்கி) 2009-இல் 3 வயதிலேயே வெளியிட்டது. ஓக் பீப்பாயில் 3 ஆண்டு நிறையாததை ஸ்காட்ச் விஸ்கி என்று சொல்லச் சட்டம் அனுமதிப்பதில்லை.

முதலில் பீப்பாயிலிருந்து எடுத்த மாதிரியில் 20 மில்லியை வாய் குறுகிய கிளாஸில் ஊற்றுங்கள். அடியில் கருப்புத் துகள்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பீப்பாயின் உட்புறத்தைக் கருக்கியதில் உதிர்ந்த கரி அது. நிறத்தை வைத்து வயதைக் கணிக்காதீர்கள். ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் முதல் முறையாக விஸ்கியை நிரப்பினால், அது சில ஆண்டுகளிலேயே நன்றாகச் சிவக்க வைத்துவிடும்.

அடுத்து மோந்து பார்ப்பது. இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பீப்பாயில் பெரும்பாலும் 63.5 சதவீத ஆல்கஹாலோடு நிரப்புவார்கள், அதனால் மூக்கை உள்ளே விட்டால் சுரீர் என்று ஏறும். கிளாஸைத் தாடைக்கு நேராகப் பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி மெல்ல இழுங்கள். முதலில் புகைதான் வரும். என்ன புகை அது? அடுப்புச் சாம்பலா, தாரா, காயத்துக்குப் போடும் மருந்தா? எழுதிவையுங்கள். பத்து நிமிடம் விட்டுத் திரும்பி வந்தால், மூக்கு புகைக்குப் பழகியிருக்கும். பின்னால் ஒளிந்திருந்த பேரிக்காய், எலுமிச்சைத் தோல், வெனிலா எல்லாம் மெல்ல எட்டிப்பார்க்கும்.

ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேயுங்கள். ஆல்கஹால் பறந்ததும் கையைக் குவித்து மோந்தால் பார்லி வாசம் அப்படியே நிற்கும். எனக்கு இந்தக் கட்டம்தான் ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் ஒரு சிறு வாய் எடுத்து, நாக்கு முழுக்கப் படும்படி சுழற்றுங்கள். துப்பிவிட்டாலும் தவறில்லை. இப்போது 5 மில்லி தண்ணீர் சேருங்கள். மாதிரி 60 சதவீதமாக இருந்தால், சுவைத்ததைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் 48 ஆகும். இன்னொரு 5 மில்லி விட்டால் 40. ஒவ்வொரு முறையும் சுவைத்துப் பாருங்கள்.

சரி, எதை வைத்து முடிவு செய்வது? தண்ணீர் விட்டதும் அடங்கும் எரிச்சல் ஆல்கஹாலுடையது, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வேகவைத்த முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாடை வந்தால் அது கந்தகம், பீப்பாயில் இருக்க இருக்கப் பெரும்பாலும் குறையும். புகை மிதமிஞ்சித் தெரிவதும் குறையல்ல, ஆண்டுகள் போகப் போகத் தானாகத் தணியும். நான் கவலைப்படுவது ஒன்றுக்குத்தான்: இந்த இளம் வயதிலேயே வாய் வறண்டு, நாக்கில் மரக் கசப்பு தங்கினால், பீப்பாய் வேகமாக வேலை செய்கிறது என்று அர்த்தம். சாராயத்தின் முரட்டுத்தனத்தைக் காலம் சரிசெய்யும். ஏறிவிட்ட மரத்தை இறக்க முடியாது.

காலி கிளாஸை உடனே கழுவாதீர்கள். மறுநாள் காலையில் மோந்து பாருங்கள், அணைந்த அடுப்பைப் போல புகை அடியில் உட்கார்ந்திருக்கும். அதையும் குறிப்பில் சேர்த்து, தேதியும் பீப்பாய் எண்ணும் எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள் என்பதும் எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு மாதிரியையும் அதே அளவு தண்ணீரோடுதான் சுவைக்க வேண்டும்.