ஆபரேஷனுக்கு அப்புறம் எவ்வளவு வலிக்கும்? கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பவருக்கு ஆபரேஷன் என்றால், "அவருக்கென்ன, அலகையே தாங்கினவர், இதைத் தாங்கமாட்டாரா!" என்பார்கள். வலியை ஆளைப் பார்த்து அளப்பதுதான் முதல் தவறு. அலகு என்பது விரதமிருந்து, மேளமும் அரோகரா முழக்கமும் சூழ, மனதார விரும்பி ஏற்பது. அன்றைக்கே கழற்றிவிடுவார்கள். ஆபரேஷன் காயம் வீங்கும், நரம்புகள் கூசும், இருமினாலும் புரண்டாலும் நாள்கணக்கில் இழுக்கும். தைரியசாலி என்று பெயர் வாங்கியவர் வலிக்கிறது என்று சொல்லவும் வெட்கப்படுவார். அவருக்கு மருந்து குறைவாகவே போய்ச் சேரும் என்பதுதான் என் கவலை.

வயதும் இப்படித்தான். "சின்ன வயசு, தாங்குவான்" என்கிறோம். ஆனால் ஆய்வுகளில் பொதுவாக இளவயதினரே அதிக வலி சொல்கிறார்கள்.

அடுத்தது, காயத்தின் அளவை நம்புவது. ஜெர்மனியில் 105 மருத்துவமனைகளில் 179 வகை ஆபரேஷன்களின் முதல் நாள் வலியை ஒப்பிட்டு 2013இல் ஓர் ஆய்வு வந்தது. குடல்வால், பித்தப்பை, மூலம், டான்சில் என்று நாம் சின்னதாக நினைப்பவை அதிகம் வலித்த 25க்குள் இருந்தன. பெரிய வயிற்று ஆபரேஷன்கள் சிலவற்றில் வலி குறைவு, ஏனென்றால் அவர்களுக்கு முதுகில் குழாய் வைத்து நன்றாக மருந்து கொடுத்திருந்தார்கள். சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப் ஆபரேஷன் செய்தவருக்குத் தோள்பட்டை வலிப்பதும் உண்டு. வயிற்றை ஊதவைத்த வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது.

சரி, எதைக் கேட்க வேண்டும்? ஏற்கெனவே உடம்பில் எங்காவது நாள்பட்ட வலி இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, ஆபரேஷனை நினைத்தாலே பயமா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார். கடைசிக் கேள்வியில்தான் நம்மவர்கள் நழுவுவார்கள். தென்னாப்பிரிக்காவில் கோடீன் கலந்த வலி மாத்திரை டாக்டர் சீட்டு இல்லாமலே பார்மசியில் கிடைக்கிறது. முதுகுவலிக்கு அதை மாதக்கணக்கில் விழுங்குகிறவர், மயக்க டாக்டர் கேட்டால் "பிரஷர் மாத்திரை மட்டும்தான்" என்பார். கோடீனும் மார்ஃபின் வகைதான், அதற்குப் பழகிய உடம்புக்கு ஆபரேஷனுக்குப் பின் கொடுக்கும் மார்ஃபின் வகை மருந்து வழக்கமான அளவில் போதாமல் போகலாம். தயவுசெய்து மறைக்காதீர்கள், டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இவ்வளவு கேட்டாலும் அது ஒரு மதிப்பீடுதான், ஆளுக்கு ஆள் மாறும். முன்கூட்டியே போட்ட கணக்கை ஆபரேஷனுக்குப் பிறகும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. பாட்டி அசையாமல் படுத்திருக்கும்போது "வலிக்குதா?" என்றால் "இல்லப்பா" என்பார். மூச்சை இழுத்து விடச் சொல்லி, இருமச் சொல்லி, எழுந்து உட்காரவைத்துக் கேளுங்கள். வலிக்குப் பயந்து இருமாமல், நடக்காமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். முதுகு ஊசி போட்டவர் அதன் வேகம் இறங்கும் முன்பே அடுத்த மருந்தைப் பற்றி நர்ஸிடம் கேட்டுவிடுவது நல்லது.

குறைந்துகொண்டு வந்த வலி இரண்டு மூன்று நாளில் திடீரென ஏறினால், "இவருக்குத் தாங்கும் சக்தி இல்லை" என்று விட்டுவிடாதீர்கள். தொற்றாகவோ உள்ளே ரத்தக்கசிவாகவோ இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.