துளைக்குள் காந்தம் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கஞ்சமலை அடிவார ஓடையில் ஒரு காந்தத்தை மணலில் புரட்டி எடுத்தால், தாடி முளைத்தது போலக் கருமணல் ஒட்டிக்கொண்டு வரும். இந்தச் சேலத்து மாக்னடைட்டை, அதாவது காந்தம் இழுக்கும் கரிய இரும்புத் தாதுவை, நம்பித்தான் 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பு உலை வைத்தார். மேலே தெரிகிற கல்லை யாரும் அடையாளம் காணலாம். துளை போட்டு, கருவியை உள்ளே இறக்கி, வருகிற எண்ணை வைத்துத் தாதுவைக் கணக்கிடும்போதுதான் சறுக்குகிறோம்.

பெரும்பாலும் முதல் சறுக்கல் குழாயில். சேலம், திருச்செங்கோடு பக்கம் போர் வண்டி பார்க்காதவர் இல்லை. மேல்மண் சரியாமலிருக்கக் கேசிங் இறக்குவதும் தெரிந்ததுதான். ஆய்வுத் துளையில் அது இரும்புக் குழாயாக இருந்தால், அது நிற்கிற ஆழம் வரை கருவி அளப்பது குழாயைத்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு துளையில் 18வது மீட்டரில் கூர்மையாக எழுந்த கோட்டை மெல்லிய தாதுப் பட்டை என்று குறித்துவிட்டேன். துளையிலிருந்து எடுத்த பாறை உருளைகளை (கோர்) அடுக்கிய பெட்டியைத் திறந்தால் அந்த ஆழத்தில் வெளிறிய நைஸ் பாறை; நூலில் கட்டிய காந்தம் அசையவே இல்லை. கேசிங்கின் அடிவாய் நின்ற இடம் அது. அன்றிலிருந்து குழாயின் ஆழத்தை எழுதிக்கொள்ளாமல் நான் வரைபடத்தைத் தொடுவதில்லை.

துளை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் திசைகாட்டி வைத்த கருவியால் பார்ப்பதும் இங்கே ஆபத்து. மாக்னடைட் பட்டைக்குள் ஊசி வடக்கை மறந்துவிடும். சுழலியால் திசை காட்டும், காந்தத்தை நம்பாத கைரோ கருவி செலவுதான்; ஆனாலும் தாதுப் பட்டை தவறான இடத்தில் வரையப்படுவதைவிட மலிவு.

அப்புறம், இரண்டு வேறு அளவைகளை ஒன்றாக எண்ணிவிடுவது. எனக்கு அதிகம் வருத்தம் தருவது இதுதான். காந்த ஏற்புத்திறனை, அதாவது பாறை எவ்வளவு எளிதாகக் காந்தமேறும் என்பதை, அளக்கும் கருவி துளைச் சுவரை ஒட்டிய சில பத்து சென்டிமீட்டரை மட்டுமே அறியும். காந்தப்புலத்தை மூன்று திசையில் அளக்கும் கருவியோ பக்கவாட்டில் பல மீட்டர் தள்ளியிருக்கும் தாதுவையும் உணரும். ஏற்புத்திறன் சப்பையாக இருக்கிறது, புலம் மட்டும் வளைகிறது என்றால், தாது பக்கத்தில் இருக்கிறது, துளை அதைத் தவறவிட்டிருக்கிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். ஏற்புத்திறன் வரைகோட்டை மட்டும் பார்த்து "இங்கே ஒன்றுமில்லை" என்று துளையை மூடிவிடுகிறார்கள்.

அலகு விஷயம் சின்னதுதான்: பழைய சிஜிஎஸ் அலகு முறையில் எழுதிய ஏற்புத்திறன் எண்ணை 4π-ஆல், அதாவது சுமார் 12.57-ஆல் பெருக்கினால்தான் இன்றைய எஸ்ஐ அலகு முறை எண் வரும்.

தாதுவுக்கு மேல் காந்தப்புலம் எப்படி ஏறி இறங்கும் என்று காட்டும் பாடநூல் படங்களை அப்படியே ஒப்பிடுவதும் வேண்டாம். பல படங்கள் காந்தப்புலம் செங்குத்தாக இறங்கும் குளிர்நாடுகளுக்கானவை. சேலத்தில் அது கிட்டத்தட்டக் கிடையாகவே இருக்கிறது. அதனால் தாதுவுக்கு நேர் மேலே ஏற்றத்துக்குப் பதில் இறக்கம் வரலாம். வடக்கு தெற்காக நீளும் பட்டையோ கண்ணில் படாமலே போகலாம்.

கடைசியாக, காந்தம் இருந்தாலே தாது என்று முடிவு கட்டுவது. சேலத்தை ஒட்டிய சுண்ணாம்புக்கரட்டில் டியூனைட் என்ற பாறை நீர் சேர்ந்து செர்பென்டைன் என்ற கனிமமாக மாறும்போது நுண்ணிய மாக்னடைட் உண்டாகிறது. கருவி துள்ளும், இரும்புத் தாது இருக்காது. ஏற்காட்டு மலையின் சார்னோக்கைட் பாறையிலும் கொஞ்சம் மாக்னடைட் உண்டு. இதற்கு நேர்மாறானதும் நடக்கும். மேற்பரப்பை ஒட்டிய மாக்னடைட் காற்றும் நீரும் பட்டு ஹேமடைட் என்ற, காந்தம் அவ்வளவாக இழுக்காத இரும்புத் தாதுவாக மாறினால் இரும்பு அப்படியே இருக்கும், காந்தம் மட்டும் போய்விடும். எண் குறைந்த இடத்தில் கோர் கனமாக இருக்கிறதா? சரி, ஒரு துண்டை எடுத்து மெருகில்லாத வெள்ளைப் பீங்கான் ஓட்டில் தேய்த்துப் பாருங்கள். மாக்னடைட் கருங்கோடு போடும், ஹேமடைட் செங்கோடு போடும்.