பரிசுக்கென்று தைக்கும் குயில்ட்டில் எங்கெங்கே சறுக்குகிறோம்

குயில்ட் என்றால் துண்டுத் துணிகளை இணைத்து, பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை. முதல் குயில்ட்டையே இரட்டைக் கட்டில் அளவில் தொடங்குகிறவர்கள் நிறைய. நானும் அப்படித்தான். அக்காவுக்குப் பரிசு, அதில் என்ன சிக்கனம் என்று நினைத்தேன். சதுரங்களை ஒட்டித் தைத்து மேல்துணியை முடிக்கும்வரை உற்சாகம் குறையவில்லை. மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்றையும் சேர்த்து மெஷினுக்குக் கொண்டுபோன அன்றுதான் உறைத்தது. வீட்டு மெஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூடச் சரியாகக் கிடையாது. அத்தனை பெரிய போர்வையைச் சுருட்டி அந்த இடுக்கில் திணித்துத்தான் திருப்பித் திருப்பித் தைக்க வேண்டும். தோள்பட்டை போனது, தையலும் கோணிக்கொண்டது. பிறந்தநாள் பரிசு எட்டு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தது.

மடியில் போட்டுக்கொள்கிற 40க்கு 50 இன்ச் அளவு முதல் தடவைக்குத் தாராளம். நாள் கணக்குப் போடும்போது மேல்துணி முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அடுக்குவது, அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பது, ஓரம் கட்டுவது எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

துணி வாங்கும்போது நம் கண் நிறத்தில்தான் நிற்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: வாங்கிக்கொள்கிறவர் இதை எப்படித் துவைப்பார்? கைக்குழந்தையோடு அல்லாடுகிற வீட்டில் எல்லாம் வாஷிங் மெஷினுக்குள்தான் போகும். அங்கே பட்டும் வெள்ளைப் பின்னணியும் கொடுத்தால் போர்வை அலமாரியை விட்டு இறங்காது. பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும். எல்லாத் துணியையும் முன்னாலேயே நனைத்துக் காயவைக்கலாம், எதையும் நனைக்காமலும் தைக்கலாம். பாதியை நனைத்து பாதியை விட்டால்தான் வம்பு, ஒரு கட்டம் சுருங்கி அடுத்த கட்டம் உப்பி நிற்கும். அடர்சிவப்பு, கருநீலம் இரண்டையும் மட்டும் நான் நம்புவதில்லை. ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் சுற்றி இரவு முழுக்க வைத்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும்.

பழைய உடைகளில் தைக்கும் நினைவுப் போர்வைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனென்றால் அங்கே மனசு கத்தரியை முந்திவிடுகிறது. அப்பாவின் சட்டை, அம்மாவின் புடவை, பிள்ளையின் டி-சர்ட் மூன்றையும் ஒரே போர்வையில் கொண்டுவர ஆசையாக இருக்கும். ஆனால் நைந்த புடவை புதுத் துணியோடு சேர்ந்தால் முதலில் கிழிவது புடவைதான். ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், நூல் விலகி வெளிச்சம் ஒழுகுகிற இடத்தை ஒதுக்குங்கள். ஒதுக்க மனம் வராவிட்டால் உட்புறம் மெல்லிய பருத்தித் துணியைக் கொடுத்துத் தையுங்கள். டி-சர்ட் இழுபடும் துணி. பின்னால் ஃப்யூசிங், அதாவது சூட்டில் ஒட்டிக்கொள்ளும் உள்துணி, ஒட்டாமல் வெட்டினால் சதுரம் சதுரமாக இருக்காது. பருத்திக்கு வைக்கிற சூட்டில் பாலியஸ்டரைத் தேய்த்தால் பொசுங்கிச் சுருண்டுவிடும். பதிலுக்கு இன்னொன்றை வாங்க முடியாத துணி என்பதால், இந்த வேலையைப் பழகும் காலத்தில் தொடக்கூடாது என்பது என் கட்சி.

இனி தையல். துண்டுகளை ஒட்டும்போது ஓரத்தில் கால் இன்ச் விட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கால் இன்ச் கொஞ்சம் பிசகினால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் பயம் வரும். 5 இன்ச் சதுரங்கள் ஒன்பதை ஒரு வரிசையாக ஒட்டினால் எட்டு இணைப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு இன்ச், கூடுதலாக உள்ளே போய்விட்டது என்று வையுங்கள். இணைப்பின் இரண்டு பக்கத் துண்டிலும் குறைவதால் அது அரைக்கால் இன்ச். எட்டு இணைப்புக்கு முழுசாக ஒரு இன்ச் காணாமல் போகும். அடுத்த வரிசை சரியாக வந்திருந்தால் இரண்டும் ஜென்மத்துக்கும் பொருந்தாது. இழுத்துப் பிடித்துப் பொருத்தினால் போர்வை வளையும்.

இதற்குச் சோதனை எளிது. ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகளை ஒட்டித் தேய்த்துவிட்டு நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஒரு இன்ச் இருந்தால் மேலே போகலாம். இல்லையென்றால் மெஷின் தட்டில் ஒரு டேப்பை ஒட்டி எல்லையைத் திருத்திக்கொள்ள வேண்டும். அயர்ன் பாக்ஸை இழுத்துத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுங்கள், இழுத்தால் துண்டு நீண்டுவிடும்.

சுற்றிலும் பார்டர் வைக்கும்போது நீளப் பட்டையை ஒரு முனையிலிருந்து தைத்துக்கொண்டே போய், மிஞ்சியதைக் கடைசியில் வெட்டுவது பலருக்கும் பழக்கம். ஓரம் அலை அலையாக நிற்பதற்குக் காரணம் இதுதான். போர்வையின் நடுவே அளந்து, அதே நீளத்துக்குப் பட்டையை வெட்டி, நடுவையும் முனைகளையும் முதலில் குத்திக்கொண்டு பிறகு தையுங்கள்.

அடித்துணியை மேல்துணி அளவுக்கே வெட்டுவது இன்னொரு தவறு. தைக்கத் தைக்க அடுக்குகள் நகரும், அதனால் நாலு பக்கமும் 4 இன்ச் கூடுதலாக வேண்டும். அடித்துணியைத் தரையில் விறைப்பாக விரித்து டேப்பால் ஒட்டிவிட்டு, அதன்மேல் மற்ற இரண்டையும் நீவிப் போட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்துங்கள். தையலை நடுவில் தொடங்கி ஓரத்துக்குக் கொண்டுபோனால் சுருக்கம் உள்ளே மாட்டிக்கொள்ளாது. தையல் வரிகள் எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கலாம் என்பது பஞ்சு விரிப்பின் உறையிலேயே போட்டிருக்கும். அதை மீறினால் நாலு சலவையில் பஞ்சு திரண்டு கட்டியாகிவிடும். ஓரம் கட்டும் பட்டையைக் குறுக்கே, கிராஸாக, வெட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை. வளைந்த ஓரத்துக்குத்தான் கிராஸ், நேர் ஓரத்துக்கு நேர் துணியே போதும்.

பிறந்த குழந்தைக்குத் தைக்கிறவர்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு வயது வரை குழந்தை தூங்கும் இடத்தில் குயில்ட், தலையணை, மெத்தென்ற பொருள் எதுவும் இருக்கக்கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறிவுரை. முகத்தை மூடி மூச்சுத் திணற வாய்ப்பு உண்டு. குழந்தை விழித்திருக்கும்போது, பெரியவர்கள் பக்கத்தில் இருக்க, தரையில் விரித்து விளையாடவிடத்தான் இது என்று கொடுக்கும்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். பட்டன், மணி எதுவும் வேண்டாம்.

பின்பக்க மூலையில் ஒரு சின்னத் துணி லேபிள்: யாருக்கு, யார், எந்த ஆண்டு, எப்படித் துவைப்பது. சாதாரணப் பேனாவில் எழுதினால் முதல் சலவையோடு அழிந்துவிடும், அழியாத மையில் எழுதுங்கள் அல்லது நூலால் தையுங்கள். முதல் சலவையில் ஒரு துண்டின் சாயம் இன்னொன்றில் ஏறிவிட்டால் காயவிடக் கூடாது, அயர்ன் பண்ணவும் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள். பருத்தியாக இருந்தால் ஈரத்தோடே நிறைய வெந்நீரில் சோப்புத்தூள் கலந்து ஊறப்போட்டால் பெரும்பாலும் இறங்கிவிடும்.

அப்புறம், கையில் கொடுக்கும்போது வாய். அக்கா போர்வையை விரித்துப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வதற்குள், "இடது மூலையில் ஒரு கட்டம் தலைகீழா இருக்கு, பாத்தியா?" என்று நானே காட்டிக் கொடுத்தேன். அவள் கவனித்திருக்கவே மாட்டாள். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த மூலையைத்தான் முதலில் விரித்துக் காட்டுகிறாள்.