இடியப்போகும் கட்டடத்தைப் படமெடுக்கும்போது நேரும் தவறுகள்

சுற்றிலும் தகரத் தடுப்பு வந்த பிறகுதான் பலருக்கும் கேமரா ஞாபகம் வருகிறது. அதற்குள் தரைத்தளம் மறைந்திருக்கும். இடிப்பவர்கள் முதலில் கழற்றுவது விலைபோகும் மரத்தையும் இரும்பையும்தான். அதனால் கதவு, நிலை, கிராதி எதுவும் மிஞ்சியிருக்காது. ஆட்கள் குடியிருக்கும்போதே, அவர்களிடம் சொல்லிவிட்டு எடுப்பதுதான் சரியான காலம். எந்த அறை எதற்குப் பயன்பட்டது, எந்தச் சுவர் பிறகு வைத்துக் கட்டியது என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

அடுத்த தவறு, அழகான முகப்பை மட்டும் நாலு படம் எடுத்துவிட்டுத் திரும்புவது. அந்த வீடு எவ்வளவு ஆழம், பின்னால் எத்தனை மாடி, கூரை எப்படி இறங்குகிறது என்று முகப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. தூரத்திலிருந்து கிட்டே வருவதாக வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு பக்கத்து வீடுகளும் தெரியும்படி தெருவின் இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொன்று. பிறகு நேர் முகப்பு. பிறகு மூலைகளில் நின்று, இரண்டு சுவர்கள் ஒரே படத்தில் விழும்படி சாய்கோணத்தில் சில. பின்புறம், கூரை விளிம்பு, கடைசியாக நுணுக்கங்கள். சிறிய வீட்டுக்கே 25, 30 படங்கள் ஆகும். ஒரு பூவேலையைக் கிட்டத்தில் எடுக்குமுன், அது எந்த ஜன்னலின் மேல் இருக்கிறது என்று காட்டும் படம் ஒன்றும் வேண்டும். அது இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து அந்தப் பூவேலைக்கு இடம் தெரியாது.

ஃபோனை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் மேலே குவிந்து, கட்டடம் பின்னால் சாய்வதுபோல் விழும். மென்பொருளில் நிமிர்த்தலாம்தான். ஆனால் மேல்பகுதி இழுபட்டுக் கூர்மை குறையும், ஓரங்களும் வெட்டுப்படும். எதிர்ச் சாரிக்குப் போய், ஃபோனைச் செங்குத்தாகப் பிடித்து, திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு எடுங்கள். கீழே சாலை அதிகம் விழுந்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம். எதிர் வீட்டு முதல் மாடியில் நிற்க அனுமதி கிடைத்தால் இன்னும் நல்லது.

சந்து குறுகலாக இருந்தால் உடனே அகன்ற கோண லென்ஸுக்குப் போகிறோம். அதில் ஓரத்துத் தூண்கள் பருத்துத் தெரியும். அதற்குப் பதிலாகச் சுவருக்கு இணையாக நடந்துகொண்டே, ஒவ்வொரு படமும் முந்தையதில் குறைந்தது 60 சதவீதத்தையாவது திரும்பக் காட்டும்படி எடுங்கள். இந்தப் படங்களைக் கணினியில் இணைத்துக் கட்டடத்தின் முப்பரிமாண மாதிரி செய்யலாம். ஒரே இடத்தில் நின்று திரும்பித் திரும்பி எடுத்தவற்றை வைத்து அது முடியாது. நின்ற இடம் மாறினால்தான் ஆழம் கணக்கில் வரும்.

அளவுகோல் வைக்க மறப்பது ஒரு தவறு. சுவருக்கு முன்னால் தள்ளி வைப்பது அதைவிட மோசம். 10 செ.மீ. கோடுகள் போட்ட ஒரு மீட்டர் குச்சி போதும், ஆனால் அது சுவரை ஒட்டி நிற்க வேண்டும். சுவர் கேமராவிலிருந்து 5 மீட்டர் தூரத்தில் இருக்க, குச்சியை அதற்கு ஒரு மீட்டர் முன்னால் நிறுத்தினால், 5 மீட்டர் உயரச் சுவர் படத்தில் 4 மீட்டராகக் கணக்காகும்.

மாலைப் பொன்வெளிச்சம் அழகு. ஆனால் பாதி முகப்பை நிழலில் முழுக்கிவிடும். முழு முகப்புக்கு மேகமூட்டமான வெளிச்சமே நல்லது. தேய்ந்த எழுத்தும் காரைவேலையும் மட்டும் பக்கவாட்டு வெயிலில் எழுந்து தெரியும். ஆக, இரண்டு முறை போக வேண்டியிருக்கும்.

மின்கம்பியையும் பழைய பெயர்ப் பலகையையும் படத்திலிருந்து அழிக்காதீர்கள். அங்கே என்ன தொழில் நடந்தது என்பதற்கு அந்தப் பலகை ஒன்றே சாட்சியாக இருக்கலாம். ஃபோனின் மெருகூட்டும் வசதிகளையும் அணைத்துவிடுங்கள். அவை செங்கல் இடுக்குகளை வழித்துவிடுகின்றன.

பாதி இடிந்த கட்டடத்துக்குள் போகவே போகாதீர்கள். கூரை போன சுவர் பிடிமானமில்லாமல் நிற்கிறது.

எல்லாவற்றையும் சரியாக எடுத்த பிறகும் படங்கள் வீணாவது குறிப்பில்லாததால்தான். முகவரி, தேதி, சுவர் பார்க்கும் திசை மூன்றையும் தாளில் எழுதி, அதையே முதல் படமாக எடுங்கள். நெருங்கிய தெருக்களில் ஜிபிஎஸ் அடுத்த வீட்டைக் காட்டும். கேமரா கடிகாரத்தையும் ஒருமுறை பாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, உள்ளே பதிந்த விவரமும் போய்விடும். ஆவணமாக அனுப்ப வேண்டும்.

லண்டனில் ஆக்ஸ்ஃபோர்டு ஆர்ம்ஸ் என்ற பழைய விடுதி இடிபடப் போகிறது என்று தெரிந்து, 1875-இல் அதைப் படமெடுக்கச் சிலர் ஏற்பாடு செய்தார்கள். அதிலிருந்து வளர்ந்த சங்கம் 1886 வரை 120 படங்களை வெளியிட்டது. மங்காமல் இருக்கவேண்டும் என்று கார்பன் அச்சு முறையைத் தேர்ந்தார்கள், படங்களுக்கு விளக்கமும் எழுதிச் சேர்த்தார்கள். இன்று அந்த வேலையைச் செய்வது பிரதிகள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பில், அதில் ஒன்று வேறு ஊரில். கூடவே, எந்த இடத்தில் நின்று எந்த லென்ஸில் எடுத்தீர்கள் என்றும் எழுதி வையுங்கள். கட்டடம் போன பிறகு அதே இடத்தில் நின்று அதே சட்டகத்தை இன்னொருவர் எடுக்க அது வேண்டும்.