மனிதனுக்குள் இரண்டு பேர்: செவ்விலக்கியம் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். கல்லூரிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் என்று கலந்து வருவார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கோத்தகிரிப் பக்கத்து ஆட்கள் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார்கள். மனிதனுக்குள் நல்லதும் கெட்டதும் சேர்ந்து கிடப்பதைச் சொல்லும் பழைய நூல்களை அடிக்கடி எடுப்போம். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ஆண்டை மாற்றிச் சொல்வது, பெயரைக் குழப்புவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது

வேண்டாம். ஸ்டீவன்சனின் ‘டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்’ 1886-இல் வந்தபோது அது ஒரு மர்மக்கதை. டாக்டர் ஜெக்கில்தான் ஒரு மருந்தைக் குடித்து ஹைடாக உருமாறுகிறார், இருவரும் ஒரே ஆள் என்பது முடிவை நெருங்கும்போதுதான் உடைகிறது.

ஜெக்கில் நல்லவர், ஹைட் கெட்டவன் என்று பிரித்துவிடுவது

எத்தனை முறை கேட்டாலும் எனக்கு எரிச்சல் வருவது இதைக் கேட்டால்தான். போன மழைக்காலத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கட்டுரை வாசித்தாள். நல்ல நடை, தெளிவான குரல். “மனிதனின் நல்ல பாதி ஜெக்கில், கெட்ட பாதி ஹைட்” என்று தொடங்கி, கடைசிவரை அதே கோட்டில் போனாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அந்தக் கோடு நாவலிலேயே இல்லை.

மருந்து குடித்தபின் என்ன நடந்தது என்று ஜெக்கில் தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். தனக்கு இரண்டு தோற்றங்கள் கிடைத்தன. ஒன்று முழுக்கத் தீமை, மற்றொன்று அதே பழைய ஹென்றி ஜெக்கில், நன்மையும் தீமையும் கலந்த அதே ஆள் என்கிறார். நல்லதை மட்டும் வடிகட்டி எடுத்த மனிதன் கதையில் எங்குமே வருவதில்லை. ஊர் மதிக்கும் டாக்டர் ஹைடையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் விருந்து கொடுக்கிறார். மருந்தைக் கண்டுபிடிக்கும் முன்பே, வெளியே தெரியக்கூடாத இன்பங்களை ஒளித்துவைத்துப் பல வருடம் வாழ்ந்தவர் அவர்.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்ல நான் வாயெடுக்கும் முன், எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கேட்டார்: “ஏம்மா, ஹைட் பேர்ல பேங்க்ல கணக்குத் தொறந்தது யாரு?”

“ஜெக்கில்தான் ஐயா.”

“கையெழுத்து?”

அவள் பக்கத்தைப் புரட்டினாள். ஜெக்கில் தன் சொந்தக் கையெழுத்தையே பின்பக்கமாகச் சாய்த்து எழுதி, அதை ஹைடின் கையெழுத்தாக ஆக்கியிருக்கிறார். கதையின் நடுவிலேயே வக்கீல் அட்டர்சனின் குமாஸ்தா கெஸ்ட் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எழுத்து ஒன்றுதான், சாய்வுதான் வேறு என்று சொல்லிவிடுகிறார். நாம்தான் கவனிக்காமல் தாண்டிப் போகிறோம். பெரியவர் சொன்னார்: “சாய்ச்சு எழுதணும்னு உக்காந்து யோசிச்சிருக்கான் பாரும்மா. அது மருந்து செஞ்ச வேலையா?” பல வருடம் பேரேட்டில் அடுத்தவர் எழுத்தைச் சரிபார்த்த கண் அது. அன்றைக்கு அதற்கு மேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கண்ணோடு மறுபடி படித்தால் சான்றுகள் வரிசையாக வந்து நிற்கும். ஹைடுக்காக சோஹோவில் வீடு பிடித்துக் கொடுத்ததும் உயில் எழுதி வைத்ததும் ஜெக்கில். இனிமேல் ஹைட் வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகும் அந்த வீட்டை அவர் விடவில்லை, ஹைடின் உடைகளை அழிக்கவில்லை; அவரே ஒத்துக்கொள்கிறார். சர் டான்வர்ஸ் கேரு என்ற முதியவரை அடித்துக் கொன்ற கைத்தடிகூட அட்டர்சன் பல வருடங்களுக்கு முன் ஜெக்கிலுக்குக் கொடுத்த பரிசு. கொலைக்குப் பிறகு சில மாதம் தரும காரியங்கள் செய்கிறார். அப்புறம் ஒருநாள் ரீஜெண்ட்ஸ் பூங்காவில் உட்கார்ந்து, மற்றவர்களைவிட நான் எவ்வளவோ மேல் என்று நினைக்கிறார். அந்த நினைப்பு ஓடும்போதே, ஒரு சொட்டு மருந்தில்லாமல், உருமாறிப்போகிறார்.

இந்தத் தவறு விலை மிகுந்தது என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நல்ல பாதி, கெட்ட பாதி என்ற கணக்கு ஸ்டீவன்சனின் தீர்ப்பு என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அது மாட்டிக்கொண்ட ஆள் தன் தரப்பில் எழுதிய வாக்குமூலத்திலிருந்து வருவது. குற்றம் ஹைடுடையது, ஹைடுடையது மட்டுமே என்று முன்பு தன்னைத் தேற்றிக்கொண்டதை அதில் சொல்கிறார். எழுதிக்கொண்டே வரும்போது ஒரு கட்டத்தில், அவன் என்றுதான் சொல்கிறேன், நான் என்று சொல்ல முடியவில்லை என்கிறார். அந்த இடத்தில் கதை முழுவதும் திறந்துகொள்கிறது. பிரிவினை என்பதே அவர் தப்பித்துக்கொள்ளப் பிடித்த வழி. பிரதிவாதி சொன்னதை நீதிபதி சொன்னதாக எழுதிக்கொண்டால், செய்தவன் யார் என்ற கேள்வியே நம் கையை விட்டுப் போய்விடும்.

அதே கோட்டைக் கம்பன் மேல் இழுப்பது

இலங்கையை ஒரு பக்கம், அயோத்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டால் கும்பகருணனை எங்கே வைப்பீர்கள்? இராவணன் கூட்டிய மந்திராலோசனையில் அவன் எழுந்து பேசுவதைப் படியுங்கள். குற்றமில்லாத பிறர் மனைவியைச் சிறையில் அடைப்போம், மாசில்லாத புகழும் வேண்டும் என்போம். “பேசுவது மானம், இடை பேணுவது காமம்” என்கிறான். அண்ணனின் குற்றத்தைச் சொல்லும்போதும் ‘நாம்’ என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறான். இவ்வளவு தெரிந்தவன், தன்னை வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்காக உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்று தம்பி வீடணனைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சாகிறான். அறம் தெரிந்த ஒருவன் அறமில்லாத பக்கத்தில் நன்றிக்காக நிற்கிறான். இதை நல்லது என்பதா, கெட்டது என்பதா என்று எங்கள் வட்டத்தில் இன்னும் முடியாத வாக்குவாதம் உண்டு. முடியவேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

இராவணனைத் தலைகீழாக்கி முழு நல்லவனாக எழுதுவதும் இதே தவறுதான்.

கோவலனைப் புகார்க் காண்டத்தோடு முடித்துவிடுவது

சிலப்பதிகாரத்துக் கோவலன் மனைவியை விட்டுப் போனவன், பொருளைத் தொலைத்தவன். இந்த இரண்டை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மதுரைக் காண்டத்தில் அடைக்கலக் காதை வரைக்குமாவது போங்கள். அங்கே மாடலன் என்ற மறையவன் வந்து, கோவலன் முன்பு செய்தவற்றைச் சொல்கிறான். மதயானையின் பிடியிலிருந்து ஒரு முதியவரை மீட்டது, கீரிப்பிள்ளையைக் கொன்ற பழியால் கணவன் விட்டுப்போன பெண்ணுக்குப் பொருள் கொடுத்துக் குடும்பத்தைச் சேர்த்துவைத்தது, பொய்சாட்சி சொன்னவனைப் பூதம் பிடித்தபோது அவனுக்குப் பதில் என்னை எடுத்துக்கொள் என்று நின்றது. இளங்கோ இவற்றை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கொலைக்குச் சற்று முன்னால் வைக்கிறார். நாம் அவனை எடைபோட்டு முடித்த பிறகு தராசில் இவ்வளவையும் ஏற்றுகிறார்.

கோவலனும் கடைசியில் எதையும் யார் மேலும் தள்ளவில்லை. “சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்” என்று கண்ணகியிடம் சொல்லிவிட்டுத்தான் சிலம்பு விற்கக் கிளம்புகிறான். பாண்டியன் இன்னும் ஒரு படி மேலே போகிறான்: “யானோ அரசன், யானே கள்வன்.” ஒரே மூச்சில் அரசன் என்ற பெயரை உதறி, கள்வன் என்ற பெயரைத் தன் மேல் ஏற்றுக்கொண்டு விழுந்து சாகிறான். ஜெக்கிலின் வாக்குமூலத்தைப் படித்த கையோடு இந்த வரியைப் படித்துப் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்று லண்டன் டாக்டர் நிறுத்திய சொல்லை மதுரை அரசன் சபையில் எல்லார் முன்னும் சொல்கிறான்.

இரட்டை உருவம் வந்தாலே ஒரே கதை என்பது

எட்கர் ஆலன் போவின் ‘வில்லியம் வில்சன்’ (1839) கதையில் பின்தொடரும் இரட்டை, மனச்சாட்சி. தப்புச் செய்யும்போதெல்லாம் வந்து தடுக்கிறது. தஸ்தயேவ்ஸ்கியின் ‘இரட்டையர்’ (1846) நாவலிலோ அதே பெயரில், அதே முகத்தில் ஒருவன் அலுவலகத்துக்கு வந்து நாயகனின் இடத்தையே பிடித்துக்கொள்கிறான். உருவம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், வந்தவன் என்ன வேலை செய்கிறான் என்று பாருங்கள்.

நோயின் பெயர் வைப்பது

இப்படிப்பட்ட பாத்திரத்துக்கு ஏதாவது ஒரு மனநோயின் பெயர் வைத்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. வைக்காதீர்கள்.

நோட்ஸ் வாங்கிப் படிப்பது

ஜெக்கில் கதை மொத்தமே பத்து அத்தியாயம். ஒரு ஞாயிறு போதும். கடைசி அத்தியாயத்தை மட்டும் இரண்டாம் முறை கையில் பென்சிலோடு படித்து, அவர் ‘நான்’ என்பதை விட்டு ‘அவன்’ என்று தாவும் இடங்களில் கோடு போடுங்கள். அதைக் கொண்டுவாருங்கள், பேசலாம்.