வெளிநாட்டு வடஇந்திய உணவகத்தில் நம்ம ஊர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் ஏராளம். பேறுகாலம் பார்க்கவும் பேரப்பிள்ளையோடு இருக்கவும் துபாய், சிங்கப்பூர், லண்டன் என்று பெற்றோர் போகிறார்கள். ஒரு நாளாவது பிள்ளைகள் அவர்களை வடஇந்திய உணவகத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். நல்ல கடையிலேயே சாப்பிட்டுவிட்டு, "எல்லாம் இனிக்கி, ஒண்ணும் வாய்க்கு வெளங்கல" என்று திரும்புகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் குறை சமையலில் இருப்பதில்லை, கேட்டு வாங்கிய விதத்தில்தான் இருக்கிறது.

முதல் தவறு, 'இந்தியன்' என்று பலகை இருந்தாலே அது வடஇந்தியச் சமையல் என்று நம்பி நுழைவது. பிரிட்டனில் இந்திய உணவகம் என்ற பெயரில் பல காலமாக இருப்பவற்றில் பெரும்பாலானவை வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து வந்தவர்கள் நடத்துபவை. வெங்காயத்தை வேகவைத்து அரைத்த ஒரே குழம்பை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதில் மசாலாவை மாற்றி மாற்றிப் பல கறிகள் செய்வார்கள். பட்டியலில் 'மெட்ராஸ்' என்று ஒரு கறி இருக்கும். நம் சென்னையில் அப்படி ஒன்று கிடையாது, பிரிட்டனில் அது கார அளவைச் சொல்கிற பெயர். அதே பட்டியலில் இருக்கிற விந்தாலு என்ற காரக் கறி கோவா வழியாக வந்தது. சிக்கன் டிக்கா மசாலாவை பிரிட்டனின் தேசிய உணவு என்றே 2001-இல் அன்றைய வெளியுறவு அமைச்சர் ராபின் குக் பேசினார். அந்தச் சமையலுக்கும் தனி ருசி உண்டு, ஆனால் பஞ்சாப் ருசியைத் தேடிப் போகிறவருக்கு அங்கே அது கிடைக்காது. பட்டியலில் ராஜ்மா (சிவப்புக் காராமணி போன்ற பெரிய பயறுக் குழம்பு), கடி பக்கோடா (பக்கோடா போட்ட மோர்க்குழம்பு), சோலே பட்டூரே (கொண்டைக்கடலை மசாலாவும் பெரிய பூரியும்), அமிர்தசரஸ் குல்ச்சா (உள்ளே மசாலா வைத்த ரொட்டி) இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்காலத்தில் கடுகுக்கீரையும் மக்காச்சோள ரொட்டியும் போடுகிற கடை என்றால் தயங்காமல் உட்காரலாம். லண்டனில் பஞ்சாபியர் நிறைந்த சவுத்ஹால் போன்ற இடங்களில் இப்படிப்பட்ட கடைகள் கிடைக்கும்.

அப்படி நல்ல கடைக்குப் போய்விட்டு மசால் தோசை கேட்பது அடுத்த தவறு. சாம்பாரும் சட்னியும் அந்தச் சமையல்காரரின் கைப்பழக்கம் இல்லை. கடையின் பலம் எதுவோ அதைக் கேட்க வேண்டும். வடஇந்தியக் கடையின் பலம் தந்தூர் அடுப்பு. 1947 பிரிவினைக்குப் பிறகு பெஷாவரிலிருந்து தில்லிக்கு வந்தவர்கள் தரியாகஞ்சில் நடத்திய மோதி மகால்தான் தந்தூரி சிக்கனையும் பட்டர் சிக்கனையும் ஊரறியச் செய்தது. அந்த மண்ணடுப்பின் உள்சூடு 400 டிகிரி செல்சியஸையும் தொடும். உள்சுவரில் அறைந்த மாவு ஓரிரு நிமிடத்தில் வெந்து, உப்பி, ஆங்காங்கே கருகி வரும். அதன் ருசி சூட்டில்தான் இருக்கிறது. ஆறிவிட்டால் நாண் தோல் மாதிரி இழுக்கும். நம்ம ஆட்கள் ஆறு பேருக்கு எட்டு நாண் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டு, கடைசி நாணோடு மல்லுக்கட்டுகிறார்கள். பாதிப் பாதியாகச் சொல்லுங்கள், தட்டு காலியாகும்போது அடுத்ததைக் கேளுங்கள். மைதா ஒத்துக்கொள்ளாத பெரியவர்களுக்குக் கோதுமை மாவில் செய்கிற தந்தூரி ரொட்டி உண்டு. கடையில் தந்தூர் இருக்கிறதா, வெளியில் வாங்கிய நாணைச் சூடாக்கித் தருகிறார்களா என்று கேட்பதிலும் தப்பில்லை.

இனிப்புப் புகாருக்கு வருகிறேன். முந்திரி விழுது, பாலாடை, வதங்கிய தக்காளி, சில கடைகளில் தேனோ சர்க்கரையோ, இவையெல்லாம் சேர்ந்தால் பட்டர் சிக்கனும் மலாய் கோஃப்தாவும் ஷாஹி பனீரும் இனிக்கத்தான் செய்யும். செக்கச்செவேல் என்ற நிறத்தைப் பார்த்துக் காரம் என்று ஏமாந்துவிடக் கூடாது, காஷ்மீரி மிளகாய் நிறத்தைத்தான் அதிகம் தரும். காரம் வேண்டுமென்றால் கடாய் வகை, ஊறுகாய் மசாலா சேர்த்த அச்சாரி வகை, பிண்டி (வெண்டைக்காய்) மசாலா, சோலே என்று கேளுங்கள். பரிமாறுகிறவர் கார அளவு கேட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். காரமில்லாத கறி வந்துவிட்டால் அதை ஒதுக்கவும் வேண்டாம். மறுவீட்டுச் சாப்பாட்டில் தேங்காய்ப்பால் சொதியை இஞ்சித் துவையலோடு ரசித்துச் சாப்பிடுகிற ஊர் நம்முடையது. அதே கணக்கில் குருமாவுக்குப் பக்கத்தில் ஊறுகாயும் நறுக்கிய வெங்காயமும் எலுமிச்சையும் வைத்துக்கொண்டால் போதும்.

ஒரே ஒரு பண்டம்தான் சொல்ல வேண்டும் என்றால் தால் மக்கனியைச் சொல்வேன். தோலோடு முழுக் கறுப்பு உளுந்து, நம் வீட்டில் உளுந்தம்பருப்புச் சோறும் களியும் ஆகிற அதே உளுந்து. நாம் எள்ளுத் துவையலும் நல்லெண்ணெயுமாகச் சாப்பிடுவதை அவர்கள் மணிக்கணக்காகச் சின்னத் தீயில் வைத்து, வெண்ணெய் விட்டுக் குழைய வைக்கிறார்கள். நெல்லை நாக்குக்கு இதைவிட நெருக்கமான வடஇந்திய உணவு எனக்குத் தெரியவில்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் அதைக் கேட்காமல் விடுவதுதான் எனக்கு வருத்தம்.

செங்கோட்டைப் பரோட்டாக் கடைப் பழக்கத்தில் சால்னா கேட்பதுபோல "கொஞ்சம் கிரேவி ஊத்துங்க" என்று கேட்காதீர்கள். அங்கே ஒவ்வொரு கிண்ணத்துக்கும் விலை. பிரிட்டனில் சோற்றையும் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டும், அமெரிக்காவில் பல கடைகளில் கறியோடு வந்துவிடும். ஒரு கிண்ணம் இரண்டு பேருக்குத் தாங்கும் என்பதால் ஆளுக்கொன்று சொல்லாமல் நடுவில் வைத்துப் பகிர்வதே சரி. மிஞ்சினால் கட்டித் தரச் சொல்லலாம், பஃபேயில் மட்டும் அது நடக்காது. தண்ணீரும் எல்லா நாட்டிலும் தானாக மேசைக்கு வராது. இங்கிலாந்தில் மது உரிமம் உள்ள கடைகள் குழாய்த் தண்ணீரைக் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலும் பாட்டில்தான், அதற்குக் காசு உண்டு.

சைவக் குடும்பங்கள் 'வெஜ்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. சில கடைகளில் நாண் மாவில் முட்டை சேர்ப்பார்கள். பனீர் டிக்காவும் கோழியும் ஒரே தந்தூரில் வேகும், சமோசா பொரித்த எண்ணெயில் இறைச்சியும் பொரிந்திருக்கலாம். உட்கார்ந்தவுடனே இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் முழுச் சைவ உணவகத்துக்குப் போவது நல்லது. சிங்கப்பூரிலும் துபாயிலும் லண்டனிலும் அவை இருக்கின்றன. ஹலால் பார்க்கிறவர்களும் லண்டன் போன்ற ஊர்களில் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். முந்திரி, கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை கூட வந்தால் இது உயிர் விஷயம். பல குழம்புகளில் முந்திரி கண்ணுக்குத் தெரியாமல் அரைபட்டிருக்கும். பிரிட்டனில் 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய விவரத்தைக் கடை தந்தாக வேண்டும் என்பது சட்டம். பட்டியலைப் பார்க்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

பக்கத்து மேசைக்காரர்களைப் பார்த்து நாணைக் கத்தியால் வெட்ட வேண்டாம். பஞ்சாபிலும் கையால் பிய்த்துத்தான் சாப்பிடுகிறார்கள்.

பில் வந்தவுடன் கடைசி வரியைப் படித்துப் பாருங்கள். சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், வழக்கமாக 10 சதவீத சேவைக் கட்டணமும் 9 சதவீத வரியும் மேலே ஏறும். லண்டனில் 12.5 சதவீத சேவைக் கட்டணம் பல இடங்களில் முன்பே சேர்ந்திருக்கும், அதற்கு மேல் தனியாக வைக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் பெரும்பாலும் அது பில்லில் இருக்காது. 15 முதல் 20 சதவீதம் நாமே சேர்த்துக் கொடுப்பது வழக்கம், பரிமாறுகிறவரின் வருமானத்தில் அது பெரும்பங்கு.